சுண்டுவிரல் மரத்தால் கழுத்தையும் பாருங்கள்

கை மரத்துப்போகிறது என்று வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு ஃபைலோடுதான் வருவார்கள். உள்ளே கழுத்து எக்ஸ்ரே இருக்கும். ரிப்போர்ட்டில் ‘தேய்மானம்’ என்று எழுதியிருக்கும். நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் கழுத்தைப் படம் எடுத்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு தேய்மானம் தெரியத்தான் செய்யும். வலியே இல்லாதவர்களுக்கும் தெரியும். அதனால் ஃபைலைச் சற்று ஓரமாக வைத்துவிட்டு முதலில் ஒன்றைக் கேட்க வேண்டும்: எந்த விரல் மரக்கிறது, கையை எப்படி வைத்திருக்கும்போது மரக்கிறது?

சுண்டுவிரலும் மோதிர விரலும் மரக்கின்றன; முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கையின் உட்பக்கமும் மரக்கிறது. துணி காயப்போடும்போது, ஃபேன் துடைக்கும்போது, தலை பின்னும்போது, பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நிற்கும்போது கை கனத்துப்போய்த் தானாக இறங்குகிறது. இறக்கினால் சற்று நேரத்தில் சரியாகிறது. பதில் இப்படி வந்தால் கழுத்து எலும்புக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே ஓர் இடத்தைச் சோதிக்க வேண்டும். காறை எலும்புக்குச் சற்று மேலே, கழுத்தின் பக்கவாட்டில், ஸ்கேலின் எனப்படும் தசைகள் இருக்கும் இடம் அது. அங்கிருந்து அக்குள் வரையிலான வழியில் நரம்போ ரத்தக்குழாயோ நெருக்கப்படுவதால் வரும் தொல்லைகளுக்குப் பொதுப்பெயர் தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம்.

தொட்டுப் பாருங்கள்

படத்தைப் பார்த்துப் படிப்பதைவிட இந்தத் தசையை விரலால் தேடிப் பிடிப்பது சுலபம். கண்ணாடி முன் உட்காருங்கள். முகத்தை இடது பக்கம் திருப்புங்கள். வலது காதுக்குப் பின்னால் தொடங்கி நெஞ்செலும்பின் மேல்முனை வரை சாய்வாக ஒரு தசை புடைத்து நிற்கும். அது ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு. பார்வைக்கு அதுதான் பெரிது; நம் கதையில் அது வெறும் அடையாளக்கல். அதன் பின் ஓரத்தை ஒட்டி, காறை எலும்புக்கு இரண்டு விரல் அளவு மேலே, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாகப் பதியுங்கள். முகத்தை நேராக்கிக்கொண்டு, மல்லிப்பூவை மோந்து பார்ப்பதுபோல மூக்கால் சட்டென்று மூச்சை இழுங்கள். விரலுக்கடியில் ஏதோ ஒன்று இறுகி மேலே எழும். அதுதான் ஸ்கேலின்.

இன்னும் சற்றுக் கீழே, காறை எலும்பை ஒட்டி வைத்தால் சிலருக்கு நாடித் துடிப்பும் கிடைக்கும். அங்கே லேசாக அழுத்தினாலே கைக்குள் ‘சுர்’ரென்று ஓடினால், நரம்பு சீண்டலுக்கு உள்ளாகியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். மூளைக்குப் போகும் முக்கியமான தமனி பக்கத்தில் இருப்பதால், புடைத்த தசைக்கு முன்பக்கம் அழுத்தக் கூடாது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்தவும் கூடாது.

மூன்று தசையும் ஒரு சந்தும்

ஒவ்வொரு பக்கமும் மூன்று ஸ்கேலின் தசைகள். முன் ஸ்கேலின், கழுத்து முள்ளெலும்புகளில் 3 முதல் 6 வரையுள்ளவற்றின் பக்க நீட்சிகளில் தொடங்கி முதல் விலா எலும்பில் இறங்குகிறது. நடு ஸ்கேலின் மூன்றிலும் பெரியது; அதுவும் முதல் விலாவில்தான் முடிகிறது, சற்றுப் பின்தள்ளி. பின் ஸ்கேலின் இரண்டாம் விலாவுக்குப் போகிறது. நம் கதையில் அதற்கு வேலை குறைவு.

கொடிக்கம்பத்தை இருபுறமும் கயிறு கட்டி நிறுத்துவதுபோல இவை கழுத்தை நிறுத்துகின்றன. ஒரு பக்கத்துத் தசைகள் மட்டும் இழுத்தால் தலை அந்தப் பக்கம் சாயும். தலை அசையாமல் நின்றால், அதே இழுப்பு விலாவை மேலே தூக்கும்.

முன் ஸ்கேலினுக்கும் நடு ஸ்கேலினுக்கும் இடையில், முதல் விலா எலும்பைத் தரையாகக் கொண்டு, ஒரு முக்கோணச் சந்து இருக்கிறது. கைக்குப் போகும் நரம்புகள் அத்தனையும் இந்தச் சந்து வழியாகத்தான் வெளியே வருகின்றன. கழுத்தின் 5 முதல் 8 வரையுள்ள நரம்பு வேர்களும் மார்பின் முதல் வேரும் பின்னிப் பிணைந்து உருவாகும் இந்த நரம்புப் பின்னலுக்கு பிரேக்கியல் பிளெக்சஸ் என்று பெயர். கைக்கு ரத்தம் கொண்டுபோகும் சப்கிளேவியன் தமனியும் இதே சந்தில்தான் வருகிறது. சிரை மட்டும் முன் ஸ்கேலினுக்கு முன்னால் தனி வழியில் போகிறது. இந்த ஓர் ஏற்பாட்டை மனத்தில் பதித்துக்கொண்டால் பின்னால் வரும் அறிகுறிகள் எல்லாம் தாமாகவே விளங்கும்.

நரம்புப் பின்னலில் மிகவும் கீழே, விலா எலும்பின்மேல் ஏறி இறங்கிப் போவது 8ஆம் கழுத்து வேரும் முதல் மார்பு வேரும் சேர்ந்த கீழ்த்தண்டு. சந்து குறுகினால் பெரும்பாலும் முதலில் அடிபடுவது இதுதான். சுண்டுவிரலுக்கும் முன்கையின் உட்பக்கத் தோலுக்கும் உணர்ச்சி தருவதும் இதுதான். ‘எந்த விரல்’ என்ற கேள்வியில் தொடங்கியதற்குக் காரணம் இது.

எல்லோருக்கும் இந்தச் சந்து ஒரே மாதிரி அமைவதில்லை. சிலருக்கு நரம்பு வேர் ஒன்று முன் ஸ்கேலினைத் துளைத்துக்கொண்டு வரும். சிலருக்கு இரண்டுக்கும் இடையில் சின்னதாக ஓர் உபரித் தசை இருக்கும். ஏறத்தாழ நூறில் ஒருவருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோ, ஏழாம் கழுத்து எலும்பிலிருந்து ஓர் அதிகப்படி விலா முளைத்திருக்கும். பெண்களில் இது கூடுதல். கழுத்து விலா என்பார்கள். எக்ஸ்ரேயில் பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. அது இருப்பவர்களில் பெரும்பாலோர் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஆயுளைக் கழிக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூச்சு செய்யும் வேலை

இந்தத் தசைகள் ஏன் இறுகுகின்றன? கழுத்தை எப்படி வைத்திருக்கிறோம் என்பது ஒரு காரணம். எப்படி மூச்சு விடுகிறோம் என்பதும் காரணம். இதைப் பலரும் யோசிப்பதில்லை. உட்கார்ந்து சாதாரணமாக மூச்சு விடும்போதே ஸ்கேலின் தசைகள் முதல் இரண்டு விலாக்களை மேலே தூக்கிக் கொடுக்கின்றன. ஒரு நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது மூச்சு என்று வைத்தால், ஒரு நாளைக்கு இருபதாயிரம் முறை சுருங்கி விரியும் தசை இது. வயிறு அசையாமல் நெஞ்சை மட்டும் தூக்கி மூச்சு விடுகிற பழக்கம் இருந்தால், உதரவிதானம் செய்ய வேண்டிய வேலையும் இதன் தலையில் விழுகிறது. ஆஸ்துமா, நாள்பட்ட இருமல், ஓயாத பதற்றம் உள்ளவர்களிடம் இந்தத் தசைகள் கல் மாதிரி இறுகியிருப்பதைக் காணலாம்.

இதோடு சேர்வது வேலை. வெள்ளையடிப்பவர், வயரிங் செய்பவர், முடிதிருத்துபவர், வயலின் வாசிப்பவர், நாள் முழுக்கத் தலையை முன்னால் நீட்டி லேப்டாப் பார்ப்பவர், நீச்சல், வாலிபால் ஆடுபவர் எல்லோரும் இந்தப் பட்டியலில் வருவார்கள். பின்னாலிருந்து வண்டி மோதிக் கழுத்து வெட்டியிழுத்த விபத்துக்குப் பிறகு, சில வாரங்களோ மாதங்களோ கழித்துத் தொல்லை தலைகாட்டுவதும் உண்டு.

இன்னும் இரண்டு இடுக்குகள்

ஸ்கேலின் சந்தைக் கடந்த பிறகும் நரம்புகளுக்கு நிம்மதியில்லை. அடுத்தது காறை எலும்புக்கும் முதல் விலாவுக்கும் இடைப்பட்ட இடுக்கு. சிரையும் இங்கே கூட வந்து சேர்ந்துகொள்கிறது. அதற்கும் அப்பால், தோள்பட்டை எலும்பின் கொராகாய்டு முனையிலிருந்து 3, 4, 5ஆம் விலாக்களுக்குப் போகும் சிறு மார்புத் தசையின் அடிப்பகுதி. கூன் போட்டு உட்காருகிறவர்களுக்கு இந்தத் தசை குறுகிவிடும். கையை மேலே தூக்கும்போது நரம்பை அழுத்தும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘நெஞ்சை நிமிர்த்து, தோளைப் பின்னால் இழுத்துக் கீழே இறக்கு’ என்று வீட்டிலும் ஜிம்மிலும் எல்லோரும் சொல்கிறார்கள். இந்த நோயாளிகளுக்கு அது பல நேரம் எதிராகவே வேலை செய்யும். படைவீரர் விறைத்து நிற்பதுபோல நின்றால் காறை எலும்பு விலாவின்மேல் இறங்கி இடுக்கு இன்னும் குறுகும். டாக்டர்கள் இதே நிலையை ஒரு சோதனையாகவே வைத்திருக்கிறார்கள்: அப்படி நிற்க வைத்து, கை மரக்கிறதா, நாடி குறைகிறதா என்று பார்ப்பார்கள். தோளைக் கீழே இழுப்பதற்குப் பதில், கைக்கு அடியில் தாங்கல் கொடுத்துத் தோளைச் சற்று மேலே நிற்க வைப்பதுதான் இவர்களுக்கு ஆறுதல் தரும்.

நரம்பு, சிரை, தமனி

பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நரம்பு வகைதான். மரப்பு, குடைச்சல், கை அசதி, கழுத்துப் பக்கவாட்டில் வலி என்று மாதக்கணக்கில் இழுத்தடிக்கும். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் நீண்ட நாள் அழுத்தம் இருந்தால் கட்டைவிரலின் அடிச்சதை வற்றத் தொடங்கும். இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பட்டன் போட முடியாமல் தடுமாறினால் இனியும் தள்ளிப்போட நேரமில்லை என்று அர்த்தம்.

சிரை வகை வேறு மாதிரி. நல்ல திடமான இளைஞர், கடுமையாக உடற்பயிற்சி செய்த மறுநாள், ஒரு கை முழுக்க வீங்கி நீலம் பாரித்து எழுந்திருப்பார். தோளிலும் மார்பிலும் நாளங்கள் புடைத்திருக்கும். சிரைக்குள் ரத்தம் உறைந்துவிட்டது என்று பொருள். இந்த உறைவுக்கு 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் இருவரின் பெயரால் பாஜெட்-ஷ்ரோட்டர் என்று பெயர். கட்டி நுரையீரலுக்குப் போக வாய்ப்பிருப்பதால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கட்டியைக் கரைக்கும் சிகிச்சை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன்.

தமனி வகை மிக அரிது, நூறில் ஒன்று என்ற அளவில்தான். ஆனால் மிக மோசமானது. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணியின் பேஸ்பால் பந்துவீச்சாளர் ஜே.ஆர். ரிச்சர்ட் இதற்குச் சாட்சி. 1979இல் ஒரே பருவத்தில் 313 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தவர். மறு ஆண்டு, கை செத்துப்போன மாதிரி இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஆளின் உயரத்தையும் உடற்கட்டையும் பார்த்தவர்கள் சோம்பேறித்தனம் என்றார்கள்; பத்திரிகைகளும் அப்படியே எழுதின. ஜூலையில் எடுத்த பரிசோதனையில் தமனியில் அடைப்பு தெரிந்தது. உடனே அறுவை தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். 1980 ஜூலை 30 அன்று, பயிற்சிக்காகப் பந்தெறிந்துகொண்டிருந்தபோது பக்கவாதம் தாக்கி மைதானத்திலேயே விழுந்தார். அப்போது அவருக்கு வயது 30. தோளில் ஏற்படும் நெருக்கல் மூளையை எப்படித் தாக்கும் என்று கேட்பீர்கள். வலது கையின் தமனியும் மூளைக்குப் போகும் வலது தமனியும் ஒரே அடிமரத்தில் கிளைவிடுகின்றன. கையில் உறைந்த கட்டி பின்னோக்கி நகர்ந்தால் போய்ச் சேரும் இடம் மூளைதான். பின்னர் நடந்த பரிசோதனைகளில் அவருக்குத் தமனி வகை தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம் இருந்தது தெளிவாயிற்று. மேஜர் லீக்கில் அவர் மறுபடி பந்து வீசவே இல்லை.

கை வெளுத்துச் சில்லிட்டு, விரல் நுனியில் கருப்புப் புள்ளிகள் தெரிந்தால் பிசியோதெரபி தேடி அலையக் கூடாது. நேரே ரத்தக்குழாய் சர்ஜனிடம் போக வேண்டும்.

வேறு எதுவாக இருக்கலாம்

மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டால் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரக்கும். நள்ளிரவில் எழுப்பிவிடும், கையை உதறினால் குறையும். முழங்கையில் நெருக்கப்பட்டால் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரக்கும், ஆனால் முன்கை உட்பக்கத் தோல் தப்பித்துவிடும். அந்தத் தோலுக்கான நரம்பு முழங்கைக்கு மேலேயே, அக்குளில் பிரிந்து வந்துவிடுவதால் இப்படி. கழுத்து டிஸ்க்கால் வருவது கையை உயர்த்துவதைவிடக் கழுத்தை அசைப்பதால் கூடும். கையைத் தலைமேல் வைத்தால் சிலருக்குக் குறையவும் செய்யும். புகைபிடிப்பவர்களுக்குக் கையின் உட்பக்கம் ஓயாத வலியும், அதே பக்கம் கண்ணிமை சரிவதும் சேர்ந்து வந்தால் நுரையீரலின் உச்சியில் கட்டி இருக்கிறதா என்று உடனே படம் எடுத்துப் பார்க்க வேண்டும். நெஞ்சு இறுக்கத்தோடு இடது கை வலித்தால் இந்தப் புத்தகத்தை மூடிவிட்டு இதய சிகிச்சைக்குக் கிளம்புங்கள்.

கிளினிக்கில் என்ன செய்வார்கள்? கழுத்தைத் திருப்பி, மூச்சை அடக்கச் சொல்லி, மணிக்கட்டில் நாடி பார்க்கும் ஆட்சன் சோதனை 1927இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அதை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கு வருவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எந்த நோயும் இல்லாத பலருக்கும் அந்த நிலையில் நாடி மறையும். ரூஸ் சோதனை அதைவிடப் பயன் தரும். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கி, முழங்கையை மடக்கி, மூன்று நிமிடம் விரல்களை மூடித் திறக்க வேண்டும். நோய் உள்ளவருக்கு ஒரு நிமிடத்திலேயே வழக்கமான மரப்பும் கனமும் வந்து கை இறங்கிவிடும். இதுவும் முடிந்த முடிவு அல்ல, மற்றவற்றோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நரம்பின் மின்னோட்டச் சோதனை பலருக்கு நார்மல் என்றே வரும். அதனால் ‘எல்லாம் மனசுதான்’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். சந்தேகம் தீராவிட்டால், ஸ்கேன் உதவியோடு முன் ஸ்கேலினுக்குள் மரப்பு மருந்து போட்டுப் பார்ப்பார்கள். தசை தளர்ந்து கைத் தொல்லை சில மணி நேரம் விலகினால், குற்றவாளி அதுதான் என்பது ஏறக்குறைய உறுதி.

வீட்டில் செய்ய வேண்டியது

நரம்பு வகைக்கு மட்டுமே இந்தப் பகுதி. முதல் வேலை மூச்சு. மல்லாந்து படுத்து, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து, ஒரு கையை வயிற்றிலும் ஒரு கையை நெஞ்சிலும் வையுங்கள். மூக்கால் மெதுவாக இழுக்கும்போது வயிற்றுக்கை உயர வேண்டும், நெஞ்சுக்கை ஏறக்குறைய அசையாமல் இருக்க வேண்டும். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். காலையும் இரவும் ஐந்து நிமிடம். வெறும் மூச்சுதானே என்று அலட்சியம் செய்கிறவர்கள் நேராகத் தசையை நீட்டும் பயிற்சிக்குத் தாவுவார்கள். அடுத்த வாரம் வலி கூடிவிட்டது என்று வருவார்கள்.

மூச்சு பழகிய பிறகு நீட்டுதல். வலது பக்கத்துக்குச் செய்வதானால், இடது உள்ளங்கையை வலது காறை எலும்பின்மேல் வைத்து லேசாகக் கீழே பிடித்துக்கொள்ளுங்கள். தலையை இடது பக்கம் சாய்த்து, முகவாயைச் சிறிதே மேலே தூக்குங்கள். கழுத்தின் பக்கத்தில் இதமான இழுப்பு தெரிந்ததும் நிறுத்தி, இருபது வினாடி, மூச்சை அடக்காமல். மூன்று முறை போதும். கையில் மரப்பு வந்தால் இழுப்பு அதிகம், உடனே குறையுங்கள். மார்புத் தசையை நீட்ட நிலைப்படியில் முன்கையை ஊன்றி ஓரடி முன்னால் வைப்பார்கள். அப்போது முழங்கை தோள் உயரத்துக்குக் கீழேயே இருக்கட்டும். நரம்பை அசைத்து விடும் பயிற்சிகளைப் புத்தகம் பார்த்துச் செய்யாதீர்கள். பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருந்து அளவு சொல்ல வேண்டிய விஷயம் அது.

தூக்கத்தில் கையைத் தலைக்கு மேலே போடும் பழக்கத்தை விட வேண்டும். ஒருக்களித்துப் படுத்தால், தோளுக்கும் காதுக்கும் உள்ள இடைவெளியை நிரப்பும் உயரத்தில் ஒரு தலையணை. மேல் கையைத் தாங்க, கட்டிப்பிடித்துக்கொள்ள இன்னொன்று. உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்குக் கை வைத்த நாற்காலி வேண்டும், இல்லாவிட்டால் மடியில் ஒரு தலையணை. ஒரு தோளில் கனமான பை தொங்கவிடுவதை நிறுத்துங்கள். இரட்டை வார்ப் பையும் காறை எலும்பை அழுத்தத்தான் செய்யும்; பையை மாற்றுவதோடு சுமையையும் குறைக்க வேண்டும். பெண்கள் அகலமான பட்டை உள்ள உள்ளாடைக்கு மாறினாலே சிலருக்குப் பாதித் தொல்லை குறைகிறது. சங்கடத்தால் டாக்டர்கள் சொல்லாமல் விட்டுவிடும் யோசனை இது.

சலூனில் முடிவெட்டிய பிறகு தலையைப் பிடித்து ‘டக்’கென்று நெட்டி எடுப்பது, சுளுக்கு எடுப்பவரிடம் கழுத்தைக் கொடுப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். முள்ளெலும்பின் துளைகள் வழியே மூளைக்குப் போகும் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் குறையவில்லை என்றால், அல்லது சதை வற்றுகிறது என்றால், அறுவை பற்றிப் பேசலாம். ஸ்கேலின் தசையை வெட்டி நீக்குவதும் முதல் விலாவை எடுப்பதும் வழக்கமான முறைகள், சிலருக்கு இரண்டும். 1966இல் டேவிட் ரூஸ் அக்குள் வழியாக விலாவை எடுக்கும் முறையை வெளியிட்டார். காறை எலும்புக்கு மேலே திறந்து செய்பவர்களும் உண்டு. அந்த இடத்தில் முன் ஸ்கேலினின்மேல் படுத்துக்கொண்டு உதரவிதானத்துக்கான நரம்பு போகிறது; நடு ஸ்கேலினைத் துளைத்துக்கொண்டு தோள்பட்டை எலும்பை நிறுத்தும் நரம்பு வருகிறது. நுரையீரலின் உச்சியும் அடியிலேயே இருக்கிறது. எப்போதாவது ஒன்று செய்பவரிடம் ஒப்படைக்கக் கூடிய அறுவை இது இல்லை. இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று சர்ஜனிடம் நேராகவே கேளுங்கள். நல்ல சர்ஜன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

டாக்டரைப் பார்க்கப் போகும்முன் ஒரு வாரம் ஒரு தாளில் குறித்துவையுங்கள்: எந்த விரல், எந்த வேலையின்போது, கையைத் தூக்கி எத்தனை நிமிடத்தில் மரத்தது, இறக்கி எத்தனை நிமிடத்தில் விட்டது. அந்தத் தாளை எக்ஸ்ரேக்கு மேலே வைத்து நீட்டுங்கள்.